பாதை மிதக்கும்

மத்திய வீதி, கைப்பேசிக் கடைக்கு மேல்மாடி.
ஏழு மேசை, ஒரு குளிரூட்டி, அதுவும் இருமும்.
இரவிரவாக இயந்திரம் வாசித்து வைத்ததைக்
காலையில் நாங்கள் திருத்துகிறோம்.
வரிக்கு ஒன்றரை ரூபா.

உலகம் எழுதிப் போட்டதெல்லாம் அதற்குத் தீனி.
பஸ் நிலையத்து மான்கள் மாதிரி:
சோற்றுப் பார்சல் சுற்றிய பேப்பரைத்
தலையங்கமா, மரண அறிவித்தலா,
பருப்புக் கறியா என்று பாராமல் மெல்லும்.
அந்த மான்களைப் பற்றியும் அது படித்திருந்தது.
மான் — வாழிடம் — காடு. நம்பிக்கை தொண்ணூற்றேழு.
யன்னலால் எட்டிப் பார்த்தேன்.
கிளைக்கொம்பன் ஒருவன்
ஓட்டோவுக்கு வழி விடாமல் நின்றுகொண்டிருந்தான்.
‘சரி’ என்றுதான் அழுத்தினேன்.
பெரும்பான்மை மான்களோடு எனக்கென்ன வழக்கு.

ஒரு உண்மைக்கு மூன்று பெட்டி.
நிலாவெளி — ஒளிர்வது — இரவில்.
மூதூர் — வயது — முதுமை.
சீனன்குடா — உள்ள நாடு — சீனா.
கஜரூபன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில்
கடைக்காரர் கீழிருந்து கூரையைத் தட்டினார்.
அவன் வீடு சீனன்குடாவில், மா ஆலைக்குப் பின்பக்கம்.
“அம்மாவுக்கு விசா எடுக்க வேணும்” என்றான்.

ஒரே பொய்யை நாற்பது பேர் எழுதினால்
அதன் கண்ணில் அது நிமிர்ந்து உட்காரும்.
ஒருத்தி ஒருதரம் எழுதிய மெய்யைச்
சப்பிப் பார்த்துத் துப்பும்.
இதை நாங்கள் படிப்பித்தோமா,
எங்களைப் பார்த்துத் தானாய்ப் பழகியதா?
அதற்குப் பெட்டி இல்லை.

கார்த்திகைக் கடைசி, மழை பிடித்த செவ்வாய்.
ரிஸ்மியாவின் திரையில் சிவப்பாய் ஒரு வரி:
பாதை — மிதந்தது — தண்ணீரில்.
நம்பிக்கை நான்கு. நீக்கவா?

அவள் கிண்ணியா. பாலம் வரமுன் பிறந்தவள்.
வாப்பா பாதையில் துண்டு கிழித்தவர்.
லொறி, சைக்கிள், ஆடு, ஒருமுறை மணப்பெண்,
எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு
கயிற்றோடு அக்கரை போன தட்டை இரும்புக்கு
ஊரில் பெயர் அதுதான்.
பாதை பிந்தும். பாதை பழுதாகும்.
பாதை அங்கால நிக்குது, கூப்பிடு.

“மற்ற ஊரில பாதையில போவாங்க,
எங்கட ஊரில பாதையே போகும்” என்றாள்.
எழும்பி நின்றுதான் ‘நீக்காதே’ அழுத்தினாள்.
காரணம் எழுதச் சொன்னது, இருநூறு எழுத்துக்குள்.
இருநூறுக்குள் வாப்பா அடங்கவில்லை.
வெட்டினாள், பிறகும் வெட்டினாள். மிஞ்சியது:
மிதக்கும். நான் ஏறியிருக்கிறேன்.

இரவு அதையும் அது தின்றது.
காலையில் என் திரையில்:
எல்லாப் பாதையும் — மிதக்கும். எண்பத்தெட்டு.
கண்டி வீதி — மிதக்கும்.
வாழ்க்கைப் பாதை — இழுக்கப்படுவது — கயிற்றால்.
ஒற்றையடிப்பாதை — ஏற்றுவது — ஒருவரை மட்டும்.

கொழும்பிலிருந்து மேற்பார்வையாளர் கத்தினார்.
பதினொரு மணிக்குள் துடைக்க வேணுமாம்.
துடைத்தோம், ஆளுக்கு முந்நூறு வரி.
ரிஸ்மியாவின் மூன்று சொல்லும் அதோடு போச்சு.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
தேத்தண்ணியில் பிஸ்கட்டை முக்கி
அது உடைந்து விழும்வரை பிடித்திருந்தாள்.

ஒற்றையடிப்பாதையில் என் விரல் நின்றது.
பிழை எங்கே என்று தேடினேன்.
கிடைக்கவில்லை. விட்டுவிட்டேன்.
ஒன்றரை ரூபா நட்டம்.

ஐந்தரைக்குக் கண்டி வீதியில் முழங்கால் வெள்ளம்.
கஜரூபனின் மோட்டார் சைக்கிள் இரண்டு தரம் விக்கி அடங்கியது.
கிண்ணியா பஸ் அலை தள்ளிக்கொண்டு,
ஒரு பக்கம் சரிந்து,
மெல்ல மெல்ல எங்களைத் தாண்டியது.
புட்போட்டில் ரிஸ்மியா. ஒரு கை கம்பியில், மறுகையில் குடை.
“பாதை வெளிக்கிடுது, ஏறுங்க!”

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.